கயிற்றின் மறுமுனையில் யார்?



பிள்ளைகள் மரம் ஏறுவது நமக்குப் புதிதல்ல. கொய்யா மரத்திலும் ஜம்பு மரத்திலும் நமது பெண் பிள்ளைகளும் ஏறித்தான் வளர்ந்தார்கள். ஆனால் ஒரு வயது வந்ததும் "இறங்கு" என்கிறோம். இறங்கிய பிள்ளை அதன்பின் எதிலும் ஏறுவதில்லை, ஓடுவதுமில்லை. நாற்பது வயதில் சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் மருந்தெடுக்க வரிசையில் நிற்கும்போது, "கொஞ்சம் நடங்கள்" என்று வைத்தியர் சொல்கிறார். இருபத்தைந்து வருடம் உட்கார வைத்துவிட்டு நடக்கச் சொன்னால் கால் எப்படி வரும்?

இது நமது ஊர்களுக்கு மட்டுமுரிய பிரச்சினையல்ல. உங்களில் பலருக்கு இலண்டனிலோ டொறொன்ரோவிலோ மெல்பேர்னிலோ பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அங்கே கொய்யா மரத்துக்குப் பதிலாகச் சுவர் இருக்கிறது. பெரிய மண்டபத்துக்குள் செயற்கைப் பாறைச் சுவர் எழுப்பி, அதில் வண்ண வண்ணப் பிடிகளைப் பொருத்தி, காசு வாங்கிக்கொண்டு ஏறவிடுகிறார்கள். கிளைம்பிங் ஜிம் என்பது அதன் பெயர். பிள்ளை "போகட்டுமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எங்கே அனுப்புவது? இதைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

என் தங்கை குடும்பத்துடன் இலண்டனில் வசிக்கிறாள். 2024 டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய மகளுக்கு வயது 14. நன்றாகப் படிக்கும் பிள்ளை. ஆனால் பாடசாலை விட்டு வந்தால் அறையும் தொலைபேசியுமாகவே இருப்பாள். அவள் தானாக ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே வெளி விளையாட்டு இதுதான். அவளது கூட்டாளிமார் போகிறார்களாம்.

"நானா, ஓம் எண்டு சொல்லவும் பயம், வேணாம் எண்டு சொல்லவும் மனமில்ல. நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள் தங்கை.

ஒரு மௌலவியிடம் கேட்டால் ஹலால், ஹராம் என்ற ஒற்றைச் சொல் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு விடயத்தைப் புரிந்துகொள்ளாமல் அதற்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதுதான் அரபுக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் ஒழுங்கு. ஏறுவதில் என்ன குற்றம் இருக்கிறது? உடை, இடம், நேரம், உடன் இருப்போர் ஆகிய நான்கையும் பார்த்துத்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆகவே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மூவரும் புறப்பட்டோம்.

முதலில் இந்த விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொன் ரொபின்சன் என்ற உடற்கல்வி விரிவுரையாளர், நடைக்கூடச் சுவரில் கற்துண்டுகளைப் பதித்து ஏறு சுவரொன்றை அமைத்தார். மழையிலும் குளிரிலும் மலைக்குப் போக முடியாதவர்கள் பயிற்சி பெறுவதற்கான ஏற்பாடு அது. 1991 இல் ஷெஃபீல்டு நகரில் 'பவுண்ட்ரி' என்ற பெரிய கூடம் திறக்கப்பட்டது. 1995 இல் இலண்டன் கிரீன் லேன்ஸ் வீதியில், 1850களில் நீரிறைக்கும் நிலையமாகக் கோட்டை வடிவில் கட்டப்பட்ட பழைய கட்டடமொன்று ஏறு கூடமாக மாறியது. 'காஸில்' என்பது அதன் பெயர். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது போட்டி விளையாட்டாகவும் சேர்ந்துவிட்டது.

நமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டிய பெயரொன்றும் உண்டு. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவைச் சேர்ந்த அரீஸ் சுசாந்தி ரஹாயு. ஹிஜாப் அணிந்தே போட்டியிடும் இந்தப் பெண், 2019 ஒக்டோபரில் சீனாவின் ஷியாமென் நகரில் 15 மீற்றர் சுவரை 6.995 செக்கனில் ஏறி முடித்தார். 7 செக்கனுக்குள் ஏறிய முதல் பெண் அவர்தான். அந்தச் சாதனையைப் பின்னர் வேறு பெண்கள் முறியடித்துவிட்டார்கள். ஆனாலும் தலையை மறைத்தால் கை கால் கட்டுண்டுவிடும் என்று பேசுவோருக்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

இனி விடயத்துக்கு வருவோம். இக்கூடங்களில் பிரதானமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று போல்டரிங். கயிறு கிடையாது. சுவரின் உயரம் பெரும்பாலும் 4 அல்லது 4.5 மீற்றருக்குள் இருக்கும். கீழே தடித்த மெத்தை விரித்திருக்கும். இதில் கூட்டாளி தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இதில் விழும் ஒவ்வொரு முறையும் நிலத்துக்குத்தான் விழுகிறோம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவையே அதிகம் அடிபடும்.

மற்றது கயிற்று ஏற்றம். ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் என்னும் பட்டியை மாட்டி, அதில் கயிற்றை எட்டு வடிவ முடிச்சாகக் கட்டிக்கொள்வார். கயிறு உச்சிக்குச் சென்று திரும்பிக் கீழே நிற்கும் கூட்டாளியிடம் வரும். அவர் தன் பட்டியிலுள்ள கருவியூடாக அதை இழுத்து இழுத்துப் பிடிப்பார். ஏறுபவர் கைநழுவினால் கருவியும் அந்தக் கூட்டாளியின் கையும்தான் அவரைத் தாங்கும். பிடிக்கும் கையை ஒரு கணமும் விடக்கூடாது. உயரம் 10 மீற்றருக்கு மேல் இருந்தாலும், ஒழுங்காகப் பிடித்தால் பிள்ளை விழுவது ஒரு முழம், இரண்டு முழம்தான்.

ஆளுக்குப் பதிலாகக் கயிற்றை இழுத்துக்கொள்ளும் இயந்திரமும் உண்டு. அது பெரும்பாலும் பழுதாவதில்லை. மனிதர்தான் கொளுக்கியை மாட்ட மறந்து ஏறிவிடுகிறார். அதனால் நல்ல கூடங்களில், கொளுக்கியைக் கழற்றினாலொழிய ஏற முடியாதபடி சுவரடியை மறித்துத் துணித் தடுப்பொன்றை மாட்டி வைத்திருப்பார்கள்.

நாங்கள் மூன்று கூடங்களைப் பார்த்தோம். பெயர்களைக் குறிப்பிட நான் விரும்பவில்லை.

முதலாவது பளபளப்பான போல்டரிங் கூடம். சிற்றுண்டிச்சாலையும் காதைப் பிளக்கும் இசையும் இருந்தன. இதில் காயமும் மரணமும் கூட நேரலாம் என்ற கருத்துடைய பத்திரமொன்றில் தாயிடம் கையொப்பம் வாங்கினார்கள். அவ்வளவுதான். எப்படி விழ வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலே ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க, அவருக்கு நேர் கீழே மெத்தையில் சிறு பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடினார்கள். ஊழியர்கள் கண்டும் பேசாதிருந்தார்கள். மருமகளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. என் தங்கை ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது உயரமான கயிற்றுக் கூடம். ஒழுங்கு நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஏறுபவரும் பிடிப்பவரும் ஒருவர் மற்றவரின் முடிச்சையும் பட்டியையும் கருவியையும் கொளுக்கியின் பூட்டையும் பார்த்த பிறகே ஏறினார்கள். ஆனால் பெண் பயிற்றுநர் இல்லை, பெண்களுக்கென நேரமும் இல்லை. பட்டியைச் சரிபார்க்கும்போது பயிற்றுநர் இடுப்பருகே கை வைக்க வேண்டி வரும். பருவமடைந்த பிள்ளைக்கு அது சங்கடம், தாய்க்கும் சங்கடம்.

மூன்றாவது சிறியது, பழையது. சுவரில் அங்கங்கே வர்ணம் தேய்ந்திருந்தது. ஆனால் வாசலில் நின்ற பெண்மணி முதலில் எங்களிடம்தான் கேள்வி கேட்டார். "இதற்கு முன் ஏறியிருக்கிறாளா? ஏதும் நோய் உண்டா? யார் கூட இருப்பீர்கள்?" பிறகு பிள்ளையை மெத்தைக்குக் கூட்டிச் சென்று விழப் பழக்கினார். இரண்டு காலையும் சற்று அகட்டி ஊன்றி, முழங்காலை மடித்து, அப்படியே பின்புறமாக உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக்கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு முறியும். பிள்ளை பத்துப் பதினைந்து முறை விழுந்த பின்புதான் சுவரைத் தொடவிட்டார். ஞாயிறு காலையில் பெண்களுக்கு மட்டுமான நேரமும் அங்கே இருந்தது.

எதைத் தெரிவு செய்தோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்காக நீங்கள் இத்தகைய இடமொன்றைப் பார்க்கப் போனால், காசு கட்டுமுன் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மெத்தைகளுக்கிடையே கால் சிக்கும் இடைவெளி உண்டா? கயிறு பிடிப்பவர் மேலே பார்க்கிறாரா, தொலைபேசியைப் பார்க்கிறாரா? ஒருவர் தவறு செய்தால் ஊழியர் போய்த் திருத்துகிறாரா? எந்த விளம்பரத் துண்டிலும் இவை இருக்காது.

காற்றோட்டத்தையும் கவனியுங்கள். கை வழுக்காதிருக்க மக்னீசியம் காபனேற்றுத் தூளைப் பூசிக்கொள்வதால் தூசி பறக்கும். ஏறும் சப்பாத்துகளின் இறப்பர் அடி தேய்ந்து அதிலுள்ள இரசாயனங்கள் கூடங்களின் காற்றில் கலப்பதாகவும் 2025 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆஸ்துமா உள்ள பிள்ளையாயின் சன்னலும் காற்றுச் சுத்திகரிப்பும் உள்ள இடத்தையே தேடுங்கள்.

வளரும் பிள்ளைகளின் விரல் எலும்பில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. விரல் நுனியில் முழு உடலையும் தொங்கவிட்டால் அது காயப்படும். காலை ஊன்றாமல் விரலால் மட்டும் ஏறுகின்ற மரச்சட்டப் பலகைகளைப் பருவ வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதிக்காத கூடமே பொறுப்பான கூடம். விரலின் நடு மூட்டில் வலி நீடித்தால் ஏறுவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, தளர்ந்த காற்சட்டையும் தொடை வரையான மேலுடையும் போதும். ஹார்னஸ் மாட்டும்போது மேலுடை முடிச்சை மறைக்கக்கூடாது. தலையில் ஊசி குத்தும் முந்தானை வேண்டாம். ஒரே துண்டாகத் தைத்த ஹிஜாபை அணிந்து, அதன் ஓரத்தை உடைக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் துணி கயிற்றுக் கருவியில் சிக்கும். மோதிரம், காப்பு, மாலை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பிடியில் மோதிரம் மாட்டி விரலின் தோலும் சதையும் உரிந்து போவதுண்டு. டிசம்பரில் இலண்டனில் மாலை 4 மணிக்குள் மஃரிப் வந்துவிடும். தொழ ஓர் ஓரம் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் முகம் சுழிக்க மாட்டார்கள்.

செலவு விடயத்தில் அவசரம் வேண்டாம். இலண்டனில் ஒரு நாள் நுழைவுக்கு 15 பவுண் அளவில் ஆகும். பகல் வேளைகளில் குறையும். வருடச் சந்தாவை முதல் நாளே கட்டாதீர்கள். சப்பாத்தும் பட்டியும் வாடகைக்கு எடுங்கள். ஆசை நிலைக்கிறதா என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு வாங்கலாம். வளரும் காலுக்கு இறுக்கமான சப்பாத்து வேண்டாம்.

கடைசியாக முக்கியமானதொன்று. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை கயிற்றில் ஏறுவதானால், கயிறு பிடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி. பயிற்றுநரை ஒவ்வொரு வாரமும் கூலிக்கு அமர்த்த வசதியில்லை. தங்கை சற்று நேரம் யோசித்தாள். பிறகு, "அப்ப நான் படிக்கிறன்" என்றாள். வயது 38. பாடசாலைக் காலத்துக்குப் பின் ஒரு விளையாட்டையும் தொட்டறியாதவள். பெண்கள் நேரத்தில் நடந்த ஆரம்ப வகுப்பில் சேர்ந்து, முடிச்சும் பிடியும் பழகி, அவர்கள் வைத்த சோதனையிலும் தேறினாள். இப்போது ஞாயிறு காலைகளில் மகள் ஏறுகிறாள், உம்மா கீழே நின்று கயிறு பிடிக்கிறாள்.

"உம்மா, பிடிச்சிருக்கீங்களா?" என்று பிள்ளை மேலிருந்து கேட்கிறாளாம். "பிடிச்சிருக்கன் மகள், ஏறுங்க" என்று இவள் சொல்கிறாளாம். வீட்டில் அறைக் கதவை மூடிக்கொண்டிருந்த பிள்ளை, பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய் ஓயாமல் பேசுகிறாளாம். தங்கை தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவள் குரலில் முன்னைய பயம் இல்லை.

தவக்குல் என்பது கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவதல்ல. முடிச்சைப் பார்த்த பிறகு வைப்பதுதான் தவக்குல். நீச்சல் வகுப்பானாலும் கராத்தே வகுப்பானாலும் பிரத்தியேக வகுப்பானாலும் இதே கணக்குத்தான். பயந்து தடுத்துவிடுவது ஒரு வழி, பார்க்காமல் விட்டுவிடுவது இன்னொரு வழி. இரண்டும் இலகுவானவை. போய்ப் பார்த்து, கேட்டு, தெரிவு செய்து, முடிந்தால் கூடவே நிற்பது கஷ்டமானது. ஆனால் பெற்றோரின் கடமை அதுதான்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே தருவானாக. ஆமீன்.