அப்பாவின் விரலும் ஒரு கம்பியும்

வானொலிக் கூடத்துக்கு வரும் புதியவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது, "மேசையைத் தட்டாதீர்கள்" என்பதுதான். பேனாவைச் சற்று வேகமாக வைத்தாலே நேயர் காதில் 'டொப்' என்று விழும். அதனால்தான் ஒலிவாங்கியை ரப்பர் நாடா கட்டிய வளையத்துக்குள் தொங்கவிட்டிருப்போம். அதிர்வு மேசையோடு நின்றுவிட வேண்டும்.

கேமராவுக்கும் இதே கதைதான். அதை எனக்குப் புரியவைத்தது அப்பாவின் கை.

அப்பா எண்பதுகளில் பெண்டாக்ஸ் கே1000 வைத்திருந்தவர். எங்கள் வீட்டு ஆல்பங்கள் எல்லாம் அவர் எடுத்த படங்கள்தான். எழுபதை நெருங்கியபோது வலது கையில் நடுக்கம் வந்தது. கோப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிக்கத் தொடங்கினார். சில மாதங்களில் கேமரா அலமாரிக்குள் போனது. "போதும்மா, இனிமே நீங்களே போன்ல எடுத்துக்குங்க" என்றார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பப் படங்களில் அப்பா ஓரமாக நிற்பவராகிவிட்டார்.

கையில் பிடித்து எடுப்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், ஷட்டர் 1/50 நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. இரவில் அந்த வெளிச்சம் போதாது. அரை நொடி, ஒரு நொடி என்று திறந்து வைக்க வேண்டும், முக்காலி வேண்டும். ஆனால் முக்காலியில் நிற்கும் கேமராவையும் பொத்தானை அழுத்தும் விரல் அசைத்துவிடும். 30 நொடி திறந்திருக்கும் படத்தில் அந்த முதல் அசைவு பெரும்பாலும் தெரியாது. 1/30 நொடிக்கும் ஒரு நொடிக்கும் இடைப்பட்ட படங்களில்தான் அது காட்டிக்கொடுக்கும். நடுங்காத கைக்கே இந்த நிலை.

இதற்கு மருந்து, கம்பி ரிமோட். இருபது வெள்ளிக்கு உள்ளேயே கிடைக்கிறது. யோசனை ஒன்றும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே ரப்பர் குமிழை அமுக்கி, குழாய் வழியாகக் காற்றை அனுப்பி ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள். இன்றும் கேமராவில் இருக்கும் 'பல்ப்' என்ற சொல் மின்விளக்கைக் குறிப்பதல்ல; அந்தக் குமிழின் பெயர்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை அப்பாவை மெர்லயன் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். ஊடகம் படித்தபோது வாங்கிய என் கேமராவை முக்காலியில் பொருத்தினேன். முதலில் அவரே பொத்தானை அழுத்தினார். மரினா பே விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. "பாத்தியா?" என்று விலகப் பார்த்தார். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். "டிவி ரிமோட்டா?" என்று சிரித்தார்.

அவர் கையிலிருந்த ரிமோட் ஆடியது. கேமரா ஆடவில்லை. அரை நொடிப் படத்தில் எதிர்க்கரை விளக்குகள் புள்ளிப் புள்ளியாக நின்றன.

அதன் பிறகு அப்பா என்னை வேலை வாங்கத் தொடங்கினார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பு." "பொறும்மா, அந்தப் படகு நடுவுல வரட்டும்." படகு வரும்வரை காத்திருந்து அழுத்தினார். எதை, எப்போது எடுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நடுங்கியது விரல் மட்டும். அந்த விரலுக்காகக் கண்ணும் ஓய்வு பெற்றிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேமராவை எடுத்து வைத்துவிட்ட பெரியவர் இருக்கலாம். சில குறிப்புகள்: ரிமோட் கம்பியை இழுத்துப் பிடிக்காமல் தொய்வாக விடுங்கள்; இறுகிய கம்பி நடுக்கத்தைக் கேமராவுக்குக் கடத்திவிடும். ஒரு தடவைக்கு ஒரு படம் என்று அமைத்துவிட்டால், விரல் சற்று அழுந்தியே இருந்தாலும் படங்கள் குவியாது. ரிமோட் இல்லையென்றால் கேமராவின் 2 நொடி டைமரும் உதவும். ஆனால் படகுக்காகக் காத்திருப்பவருக்கு அது ஒத்துவராது. கைப்பேசியை முக்காலியில் வைத்தால், பல கைப்பேசிகளில் கம்பி இயர்போனின் ஒலிப் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும்.

அப்பா இப்போது தீபாவளிக்குத் தேக்கா விளக்குகளை எடுக்க வேண்டும் என்கிறார். எந்த முனையில் நிற்பது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டார். முக்காலியைத் தூக்கி வருவது என் வேலையாம்.