மண்ணுக்கு உரிய நேரம்

பானை வனைபவரைச் சங்க இலக்கியம் வேட்கோ என்றும் கலஞ்செய்கோ என்றும் போற்றுகிறது. அந்த மரபில் வந்தவர் என் தந்தை. கடத்துக்குப் பெயர்பெற்ற மானாமதுரை எங்கள் ஊர். களிமண்ணை ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்குவது எங்கள் வீட்டுப் பெண்களின் பணி. தந்தை சக்கரத்தில் வனைந்து தரும் கலத்தின் உட்புறம் கல்லைப் பிடித்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டி வடிவாக்க நான் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டேன்.

திருமணத்திற்குப் பின் மதுரையில் குடியேறினேன். அலுவலகம், சமையல், இரு குழந்தைகளின் படிப்பு, அத்தையின் உடல்நலம் எனப் பதினான்கு ஆண்டுகள் கடந்தன. மண்ணைத் தொட ஒரு நாளும் அமையவில்லை.

2023 ஆம் ஆண்டு கீழடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு விடுமுறை நாளில் குடும்பத்துடன் அங்குச் சென்றோம். கறுப்பு, சிவப்புப் பானைகளைக் கண்டு மகள் வியந்தாள். கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும் என்று விளக்கினேன். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்துகளில் கீறப்பட்டிருப்பதை அவள் பள்ளியில் படித்திருந்தாள்.

“அம்மா, அவை பானையைச் செய்தவர்களின் பெயர்களா?”

“பானைக்கு உரியவர்களின் பெயர்களாகவும் இருக்கலாம்.”

“அப்படியானால் செய்தவர்களை எப்படி அறிவது? நீங்கள் செய்த பானை ஒன்றுகூட நம் வீட்டில் இல்லையே!”

அவ்வினா என்னை உறங்கவிடவில்லை. அடுத்த ஞாயிறன்று அண்ணனிடமிருந்து ஒரு மூட்டை மண் வாங்கி வந்தேன். வீட்டில் சக்கரம் இல்லை. எனவே மண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, விரலால் இழைத்துக் கலம் செய்யத் தொடங்கினேன். கைகள் எதையும் மறந்திருக்கவில்லை.

“சந்தையில் கிடைக்காத பானையா? அலுவலகம் விட்டு வந்து இந்தப் பாடு எதற்கம்மா?” என்றார் அத்தை.

அவருக்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாள் முழுவதும் நான் செய்பவை எல்லாம் மாலைக்குள் தீர்ந்துவிடுகின்றன. சோறு உண்ணப்படுகிறது, துவைத்த துணி மீண்டும் அழுக்காகிறது. நிலைத்து நிற்கும் ஒன்றைச் செய்ய என் மனம் ஏங்கியது.

குடும்பப் பொறுப்புகளுக்கு இடையே செய்வதற்கு ஏற்ற கலை இது. அடிப்பாகத்தை இன்று செய்து ஈரத்துணியால் மூடிவைத்தால், மறுநாள் வரை மண் காத்திருக்கும். மேல்பாகத்தை அவசரமாக ஏற்றினால் கீழ்ப்பாகம் சரியும். வெயிலில் விரைந்து உலர்த்தினால் விரிசல் விடும். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும். பிள்ளைகளின் பாடத்துக்கும் இரவுச் சமையலுக்கும் இடையே கிடைத்த அரைமணி நேரம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, காய்ந்திருக்க வேண்டிய துணி ஈரமாகவே இருந்தது. நண்பகலில் அத்தை நீர் தெளித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சமையலைக் கணவர் ஏற்றுக்கொண்டார்.

நிழலில் உலர்ந்த ஏழு கலங்களை அண்ணனின் சூளைக்குக் கொண்டுசென்றோம். சுடாத மண் நீர் பட்டால் கரைந்துவிடும். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்த மண் பிறகு கரைவதில்லை. இரண்டு கலங்கள் வெடித்தன, ஐந்து தேறின. அவற்றுள் ஒன்றில்தான் அத்தை இப்போது மோர் ஊற்றி வைக்கிறார். சூளைக்குப் போகும் முன் அதன் அடியில் மகள் ஈர்க்குச்சியால் என் பெயரைக் கீறியிருந்தாள். வீட்டார் ஒவ்வொருவரும் சிறிது நேரம் தந்ததால் உருவான கலம் அது.