கேசட்டின் வாலில் இருந்த பாட்டுகளுக்கு நன்றி

ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சிக்கு,

உங்கள் விலாசம் யாரிடமும் இல்லை. கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டீர்கள் என்பது வரைக்கும்தான் கோவில்பட்டியில் தகவல். அதனால்தான் பத்திரிகை வழியாக எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. உங்களைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தாரே, அவர்களில் யாராவது படிக்கட்டும்.

இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் மகள் ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருக்கிறாள். எந்தப் பாட்டும் கைபேசியில் கிடைக்கிற காலத்தில் இது என்ன கூத்து என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறான். அவள் என்னிடம் வந்தாள். "சித்தப்பா, உங்ககிட்ட அலமாரி நிறைய இருக்கே, முதல்ல எதை வாங்கட்டும்?" மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அதில் ஒன்றுகூட என் சொந்தச் சரக்கு இல்லை. அத்தனையும் நீங்கள் கேசட்டின் வாலில் ஒட்டி அனுப்பியவை.

அந்தக் காலத்து ஏற்பாடு அவளுக்குப் புரியவே இல்லை. இசைத்தட்டு வாங்க வசதி கிடையாது. நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதி, ஒரு காலி கேசட்டோடு உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவோம். தீபாவளி நெருங்கினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். மற்ற கடைகளில் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள், அல்லது ஏதாவது டூயட்டின் பல்லவியைத் திணிப்பார்கள். நீங்கள் மட்டும் யாரும் கேட்காத ஒன்றைப் போடுவீர்கள். அட்டையில் ஆறு பாட்டின் பெயரையும் பச்சை மையில் குண்டு குண்டாக எழுதிவிட்டு, ஏழாவதாக 'பாக்கி' என்று மட்டும் குறித்திருப்பீர்கள். பாட்டு நன்றாகச் சூடுபிடிக்கிற இடத்தில் டேப் தீர்ந்து 'டக்'கென்று நிற்கும். அது என்ன என்று தெரிந்துகொள்ள உங்களிடம்தான் வந்தாக வேண்டும். நேரம் பார்த்துத்தான் அறுத்தீர்கள் என்று இன்றுவரை சந்தேகப்படுகிறேன்.

சட்டப்படி பார்த்தால் நாம் எல்லோரும் குற்றவாளிகள்தான். பாடியவருக்கும் கம்பெனிக்கும் ஒரு பைசா போகவில்லை. அந்தக் கணக்கைப் பின்னாளில் தட்டுகளாக வாங்கி ஓரளவு நேர் செய்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த முதல் பாக்கி, தனி வயலின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க, அதைச் சுற்றி வேறு வயலின்கள் கூடிப் பேசுகிற ஒரு துண்டு. பாட்டு இல்லை, தபேலா இல்லை. கேசட் பழுதோ என்றுகூட நினைத்தேன். கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக் காட்டினீர்கள். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கை என்று போட்டிருந்தது. தியாகராஜர் சரி, பாக் யார் என்று கேட்டேன். "ஜெர்மன்காரர். ராஜா வீட்டுக்கு வந்திருக்காரு, உள்ள கேளு" என்றீர்கள். கிண்டல் என்று நினைத்தேன். பார்த்தால் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு உருப்படிக்கே பெயர் இருந்தது. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்பு அதில் வருகிறது. ராஜா அதைச் சுற்றித் தன் வேலையைக் காட்டுகிறார். வி.எஸ். நரசிம்மனின் வில் அந்தத் தட்டு முழுக்க நிறைந்திருக்கிறது. கர்நாடகமும் மேற்கத்திய இசையும் கைகுலுக்கின என்றெல்லாம் இதைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒரே ஆள் இரண்டு மொழியில் கனவு கண்டால் எப்படி இருக்குமோ அப்படிக் கேட்கிறது. அண்ணன் மகளுக்கு நான் சொன்ன முதல் பெயர் இதுதான். கடைசிப் பெயரும் இதுவாகவே இருந்திருக்கலாம்.

அங்கிருந்து நீங்கள் என்னை நடத்திக் கொண்டுபோன வழியை இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த பாக்கி, 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. ஐந்தே உருப்படிகள், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். குழல்காரரைப் பிடித்துப்போனதும், அவர் இளம் வயதில் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி'யிலிருந்து இரண்டரை நிமிடம் வந்தது. 1967-இல் வந்த தட்டு அது. சிவகுமார் சர்மா சந்தூர், பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டார். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கதை. விடியலில் அஹிர் பைரவில் தொடங்கிப் பொழுதோடு ராகமும் மாறிக்கொண்டே போய்ப் பஹாடியில் முடியும். இளையராஜா பாட்டு பதியக் கொடுத்த ஒரு பையனை மூன்றே தாவலில் இந்துஸ்தானியில் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். மெனக்கெட்டு ஒரு நாள்கூட நீங்கள் எனக்குப் பாடம் நடத்தியதில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமி விஷயத்தில் உங்களுக்குத் தனிக் கொள்கை. "சுப்ரபாதத்தைக் கோயில் குழாய் பாத்துக்கிடும்" என்பீர்கள். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய கச்சேரியின் தட்டைத்தான் போடுவீர்கள். அதிலும் காஞ்சிப் பெரியவர் இயற்றிய 'மைத்ரீம் பஜத'வை மட்டும். ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாட்டு வரும்போது நான் ஊசியைத் தூக்கிவிடுவேன். அது நம் எம்.எஸ். மாதிரியே இல்லை. நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

நாகஸ்வரத்துக்கு வேறு பேச்சே கிடையாது, காருகுறிச்சி அருணாசலம்தான். நம் நெல்லைச் சீமைக்காரர் என்ற பெருமையோ என்னவோ. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததை ஊரே கேட்டிருக்கிறது. நீங்கள் அதைத் தள்ளிவிட்டு அவருடைய தனித் தட்டுகளைத்தான் எடுப்பீர்கள். 1964-இல் போய்ச் சேர்ந்துவிட்டார், வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கும். அண்ணன் மகள் தேடி அலையட்டும் என்று அந்தத் தட்டுகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில் 'திருவிளையாடல்' வசனத் தட்டு வேறு. மைக் செட்காரர்கள் வந்து நின்றால் உங்கள் முகத்தில் ஒரு சலிப்பு வரும். 1965-இல் வந்த படத்தின் தருமியை இருபது வருடம் கழித்தும் கல்யாண வீடுகளுக்கு நீங்கள்தான் பதிந்துகொடுத்தீர்கள். நாகேஷ் புலம்ப ஆரம்பித்ததும் சலிப்பு மறைந்து நீங்களே வாயசைப்பதைப் பார்த்திருக்கிறேன். படம் பார்க்காமலே வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இதை அவளிடம் சொன்னால் பாட்காஸ்டா என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தட்டைக் கையாளும் விதமும் உங்களிடம் பார்த்துப் படித்ததுதான். விளிம்பிலும் நடு லேபிளிலும் தவிர விரல் படாது. வாங்குவதற்கு முன் டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்ப்பீர்கள். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் பதியும்போது மட்டும் டிரெபிள் குமிழை ஒரு நூல் கூட்டுவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, வெளி ஓரத்தில் ஊசிக்கு நீளமான பாதை, நடுவில் குறுகின பாதை என்றீர்கள். பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33 சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் விளிம்பில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர்தான். அதே ஒலியை இவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கிச் செதுக்கினால் கூர்மை மழுங்கத்தானே செய்யும். அந்தத் தட்டுகளில் நல்ல பாட்டைப் பக்கத்தின் முதலில் போட்டவர்கள் பிழைத்தார்கள்.

கடையை மூடியபோது எடைக்குப் போட மனமில்லாமல் தட்டுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் வந்த விலைக்குக் கொடுத்தீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது நான் ஊரில் இல்லை. மதுரையிலும் சென்னையிலும் பழைய தட்டு விற்கிறவர்களிடம் குவியலைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, உறையின் மூலையில் உங்கள் கடையின் ஊதா முத்திரை தட்டுப்படும். பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன். முத்திரை குத்திய தட்டு என்றால் விலை குறைவு என்று விற்கிறவர் அவராகவே குறைத்தும் தருவார்.

இதைப் படித்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி போடுங்கள், அண்ணாச்சி. முத்திரை உள்ள தட்டுகளை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹவ் டு நேம் இட்' மட்டும் கேட்காதீர்கள். அதை அண்ணன் மகள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
பாக்கிக்காகவே கேசட் கொடுத்தவன்