கல்லீரல் சத்தம் போடாது

ஆடித் திருவிழாவுக்கு அன்னதானம், முடி காணிக்கை, அலகு எல்லாவற்றுக்கும் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டோம். அதோடு ஒரு முக்கியமான விஷயத்தையும் பேசிவிடுகிறோம்.

போன வருஷம் நம்ம மடப்பள்ளியில் அண்டா தூக்கிய அண்ணன் ஒருவர் கல்லீரல் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். சம்சு, பீர் எதையும் தொடாதவர். உடம்பு இளைத்து, கண் மஞ்சளானதும் கீழாநெல்லி குடித்தார். ஸ்கேன் எடுத்தபோது ஆப்பரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. காரணம் ஹெப்பட்டைட்டிஸ் பி என்ற கிருமி.

அதைக் கேள்விப்பட்ட சிலர், "அவங்க வீட்டு அக்காவ இனிமே காய் வெட்ட விடாதீங்க" என்று எங்களிடம் சொன்னார்கள். அக்காவும் இப்போது வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

பக்தர்களே, இந்தக் கிருமி சோற்றில் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும் ஒட்டாது. ரத்தம் வழியாக, உடலுறவில், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் பரவும். அக்கா காய் வெட்டட்டும். கவனிக்க வேண்டியது சவரக் கத்தியும் அலகு ஊசியும்தான். இந்த வருஷம் ஒரு தலைக்கு ஒரு புது பிளேடு. ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குக் கிடையாது. இதில் யாருக்கும் சலுகை இல்லை.

ஃபேக்டரியில் மெஷின் கெட்டால் சத்தம் போடும். கல்லீரல் போடாது. கிருமி இருபது, முப்பது வருஷம் உள்ளேயே இருக்கும், வலி தெரியாது. நம் நாட்டில் 1989-லிருந்துதான் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான்.

கிருமி இருந்தால் பயப்படாதீர்கள். அதை அடக்கி வைக்க தினமும் சாப்பிடும் மாத்திரை உண்டு. டாக்டர் சொன்னால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கட்டி சின்னதாக இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டும் அழிக்கலாம். கல்லீரல் சிகிச்சைக்கென்றே செலாயாங் மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் கூட வருவோம். அம்மன் துணை.