வளைந்த குழல்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. அதைக் கொண்டு நான் சுட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. விற்க மனம் வரவில்லை. பேரப்பிள்ளைகளின் கையில் கொடுக்கத் துணிவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து மீண்டும் மேலே வைத்துவிடுகிறேன்.

1968-இல் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வசித்த ஆங்கிலோ இந்திய எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவரிடமிருந்து அப்பா வாங்கியது அது. ஜெர்மன் நாட்டு டயானா. அதன் இரும்பு உடலில் ஒரு சிறு முத்திரை உண்டு: வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் வேட்டைத் தேவதை. பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு இயந்திரம் எதுவாயினும் மரியாதைக்குரியது. அவர் எந்தப் பறவையையும் சுட்டதில்லை. ஞாயிறு மாலைகளில் கொல்லை மதிலின் மேல் தீப்பெட்டியை நிறுத்தி, பத்துக் கெஜ தூரத்திலிருந்து அதை வீழ்த்துவார். அவ்வளவுதான் அவருடைய வேட்டை.

அதன் அமைப்பைச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. குழலைப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்கினால், உள்ளே இருக்கும் கனத்த சுருள்வில் அமுங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். திறந்திருக்கும் குழலின் அடித்துளையில், உடுக்கை போல இடை சிறுத்த ஈயக் குண்டைப் பெருவிரலால் அழுத்தி வைக்க வேண்டும். பிறகு குழலை நிமிர்த்தி மூடி விசையை இழுத்தால், சுருள் விடுபட்டு உந்துதண்டைத் தள்ளும். அது நெருக்கும் காற்று குண்டை வெளியேற்றும். குழல் மடங்கியிருக்கும்போதே விசையை இழுத்துவிட்டாலோ, சுருளின் வேகம் முழுவதும் குழலின் மேல் பாயும். அது கண்ணிமைப்பதற்குள் மேலே எழும்பி, உடலோடு அறைந்து நிற்கும். அடிப்பகுதி நின்றுவிட்டாலும் நுனி அந்த வேகத்திலேயே இன்னும் சிறிது மேலே போகப் பார்க்கும். எஃகேயானாலும் அந்த இடத்தில் வளைந்துவிடும். அப்போது துளையருகில் விரல் இருந்தால், அது துண்டாகிவிடக்கூடும். பின்னாளில் வந்த பல துப்பாக்கிகளில் இதைத் தடுக்கும் பூட்டு உண்டு. எங்களுடையதில் இல்லை.

1974 மே 8-ஆம் நாள் நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. பொன்மலைப் பணிமனையின் சங்கொலியைக் கேட்டே விடிந்து பழகிய எங்களுக்கு அந்த நாட்கள் புதியவையாக இருந்தன. கைதுக்கு அஞ்சிப் பலர் வீடு தங்கவில்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத அப்பா வீட்டிலேயே இருந்தார். சம்பளம் வராது என்பது தெளிவாயிற்று. பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துப்பாக்கியை வாங்க உறையூரிலிருந்து ஒருவர் அன்று வருவதாக ஏற்பாடு. நூற்றைம்பது ரூபாய் பேசி முடிந்திருந்தது. அந்தப் பணத்தில் எத்தனை படி அரிசி வரும் என்று அம்மா விரல்விட்டு எண்ணியதை நான் பார்த்தேன்.

போகப்போகும் பொருளை ஒருமுறையாவது சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. வெள்ளிக்கிழமை நண்பகலில், அப்பா தெருமுனைக் கூட்டத்துக்குப் போயிருந்த வேளையில், தம்பியை அழைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு எட்டு. குழலை மடக்கித் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டேன். குண்டு வைப்பது தம்பியின் வேலை. சினிமாவில் பார்த்தவண்ணம் என் விரலை விசையின் மேல் வளைத்து வைத்திருந்தேன். அவன் மெதுவாக வைத்தான். "சீக்கிரம்டா" என்றேன். குண்டு நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுக்க அவன் குனிந்தான்.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தம்பி குண்டைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்து, "என்னண்ணே?" என்று கேட்டான்.

துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். சனிக்கிழமை மாலை, கொடுப்பதற்கு முன் சரிபார்க்க எண்ணி அப்பா தீப்பெட்டியை நிறுத்தினார். குண்டு ஒரு விரற்கடை மேலே போனது. இரண்டாவதும் அப்படியே. பின்குறியின் திருகைத் தாழ்த்தினார். அது அடிமட்டம் வரை இறங்கியும் குண்டு மேலேதான் போயிற்று. பிறகு துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி, நூல் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குழலின் நுனி ஒரு நெல்மணி நீளத்துக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது.

முன்குறி குழலின் நுனியில்தான் இருக்கிறது. குழல் வளைந்தால் குறியும் அதனோடு உயர்ந்துவிடுகிறது. ஆகவே, பின்னாலிருந்து குறி பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் நேராகவே தெரியும். பக்கத்தில் வந்து நின்று பார்ப்பவருக்குத்தான் கோணல் புலப்படும்.

"கீழ விழுந்துச்சா?" என்று கேட்டார். "ஆமாம்பா, ஆணியிலேருந்து விழுந்துச்சு" என்றேன்.

"விழுந்தா இப்படி வளையாது."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "குண்டு வச்சது யாரு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் கண்கள் உள்ளே போயின. அப்பா எழுந்து, பாயில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் அருகில் குந்தினார். அவனுடைய வலக் கையை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். இடக் கையையும் அப்படியே பார்த்தார். திரும்பி வந்தபோது என்னை அடிக்கவில்லை. "கிளாம்ப்ப எடுத்துட்டு வா" என்றார்.

அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாமாவுக்கு இவை எல்லாம் வீண்வேலை. மரக்கவையில் செருகி ஓர் இழுப்பு இழுத்தால் போதும் என்றார். எங்கள் கொல்லையில் இருந்ததோ முருங்கை. அதன் கவை ஒரு குழந்தையைக்கூடத் தாங்காது.

அப்பா மரக்கட்டையைக் கழற்றினார். கீல் ஆணியை எடுத்துக் குழலை மட்டும் பிரித்தார், சுருளைத் தொடவில்லை. தண்டவாளக் கட்டையின் இரண்டு துண்டுகளில் பள்ளம் வெட்டி, வளைவு மேல்நோக்க அவற்றின் மேல் குழலைக் கிடத்தினார். அடியில் ஒரு பலகை. வளைந்த இடத்தில் தோல் துண்டை வைத்து, கிளாம்ப்பின் திருகை மெல்ல இறுக்கினார். தளர்த்தியதும் குழல் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. "இரும்பு பழைய இடத்துக்குத்தான் போகப் பார்க்கும். நேரா நிக்கணும்னா, நேரையும் கொஞ்சம் தாண்டி அமுக்கணும். ரொம்பத் தாண்டினா அந்தப் பக்கம் வளைஞ்சிடும்." சூடு காட்டக் கூடாது என்றும் சொன்னார். கால் சுற்று இறுக்குவார், தளர்த்துவார், குழலை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். என்னையும் பார்க்கச் சொன்னார். நேரான துளையில் ஒளி வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி நிற்கும். எங்கள் குழலில் அவை ஒரு பக்கம் ஒதுங்கிப் பிறைகளாகத் தெரிந்தன. எத்தனை முறை இறுக்கினோம் என்று எண்ணவில்லை. பிறைகள் மெல்ல மெல்ல வட்டங்களாயின. நள்ளிரவு கடந்துவிட்டது. அதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். "உம்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தீப்பெட்டி முதல் குண்டிலேயே விழுந்தது. உறையூர்க்காரர் வந்தார், சுட்டார், மகிழ்ந்தார். பணத்தை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது அப்பா சொன்னார்: "ஒண்ணு சொல்லணுங்க. இதோட குழல் வளைஞ்சுபோய் நேத்து ராத்திரி நான்தான் நிமித்தினேன். இப்ப நேராத்தான் சுடுது. நீங்களே பாத்தீங்க."

அவர் கையை வெளியே எடுத்தார், வெறுங்கையாக. யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனவர் மீண்டும் வரவில்லை.

"அத ஏன் சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள். அவளிடம் எனக்குக் குறையில்லை. நானும் அதையேதான் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பதில் சொல்லாமல் கிளாம்ப்பைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார். அந்த வாரம் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. மே 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. தோடு மீண்டுவர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை அவள் காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அது யாரால் என்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

தம்பி தட்டச்சில் ஹையர் தேறி, நீதிமன்ற அலுவலகத்தில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டான். சென்ற ஆண்டு வந்திருந்தபோது அலமாரியின் மேலிருந்ததைக் கண்டு எட்டி எடுத்தான். "இத இன்னுமா வச்சிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே குழலைப் பாதியளவு மடக்கி, உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்ப்பவன்போல் துளையில் பெருவிரலை வைத்தான்.

"விரலை எடு!" என்று நான் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள்.

"கொக்கியே மாட்டலயேண்ணே," என்றான் அவன், திகைப்போடு.

நான் துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக் குழலை மூடி மேலே வைத்தேன்.