பிள்ளை பெற்றால் பல் போகுமா?

"பிள்ளை பெத்தவளுக்குப் பல்லு நிக்காது" - என் மாமியார் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. ஐந்து பிரசவம் கண்டவர். ஐம்பது வயதுக்குள் மேல் வரிசை முழுவதும் போய்விட்டது. வயிற்றில் வளர்ந்த பிள்ளைகள்தாம் தன் பல்லிலிருந்த சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டன என்பது அவர் எண்ணம். விழுப்புரத்தில் எங்கள் தெருவிலும் சரி, திண்டிவனத்தில் என் சம்பந்தி வீட்டிலும் சரி, பெரியவர்கள் இதையேதான் சொல்கிறார்கள்.

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, இந்தப் பேச்சை என்னால் காதோடு விட முடியவில்லை. "அம்மா, பல் தேய்ச்சா ரத்தமா வருது. பயமா இருக்கு. இப்பல்லாம் பிரஷ்ஷையே எடுக்கறதில்ல, வாயை மட்டும் கொப்பளிச்சுடறேன்" என்றாள் போனில். சம்பந்தியம்மாளோ, "மாசமா இருக்கறப்ப இதெல்லாம் சகஜந்தான் சம்பந்தி, குழந்தை பொறந்தா சரியாயிடும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாளே ரயிலேறிப் போய் அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் கூடுவதால், பல்லின் அடியில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் ஈறு வீங்கி ரத்தம் கசியும். அதற்குப் பயந்து பல் தேய்ப்பதை நிறுத்தினால் அழுக்கு சேர்ந்து கசிவு இன்னும் கூடும். மிருதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் தேய்க்கத்தான் வேண்டும். குழந்தை தாயின் பல்லிலிருந்து எதையும் எடுப்பதில்லை. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்துதான் எடுக்கும். பல்லைச் சுத்தம் செய்துகொள்வதைக் கர்ப்ப காலம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான சமயம் என்றார். அன்றே சுத்தம் செய்து அனுப்பினார். இரண்டு வாரத்தில் ரத்தம் வருவது நன்றாகக் குறைந்துவிட்டது.

மீதி வேலை சமையலறையில்தான். வயிற்றிலிருக்கும் குழந்தையின் பால் பற்களுக்கு ஆறாவது வாரத்திலேயே அஸ்திவாரம் போடப்படுகிறது. நாலாம் மாதத்திலிருந்து அவை கெட்டிப்படத் தொடங்குகின்றன. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும், பால் கொடுக்கும் தாய்க்கு 1,200 மில்லி கிராமும் வேண்டும். 100 கிராம் பசும்பாலில் கிடைப்பது சுமார் 120 மில்லி கிராம். அதே அளவு கேழ்வரகில் சுமார் 350, முருங்கைக் கீரையில் 300க்கு மேல், தோல் நீக்காத எள்ளில் 1,200க்கு மேல்! கேழ்வரகு அடையில் முருங்கைக் கீரையைப் போட்டுச் சுட்டு, ஒரு கிண்ணம் தயிரோடு சாப்பிட்டால் அது எத்தனை டானிக்குக்குச் சமம், பாருங்கள்.

எள் என்றதும் திண்டிவனத்துக்காரர்களுக்குப் பெருமை வரவேண்டும். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எள், நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்றுதான் பெயர், அந்த எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எள் கொடுக்கப் பெரியவர்கள் தயங்குவார்கள். அதற்காக அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கேழ்வரகும் தயிரும் கீரையும் இருக்கும்போது எள்ளுக்கு என்ன அவசரம்? மற்றவர்களுக்கு இட்லிக்கு எள்ளுப் பொடி அரைத்து வையுங்கள்.

ஈறுக்கு வேண்டியது வைட்டமின் சி. அந்தக் காலக் கப்பல்காரர்களுக்கு ஈறு அழுகிப் பல் உதிரும் ஸ்கர்வி என்ற நோய் வரும். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்ததில் நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். நமக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. இரண்டும் ஆரஞ்சை மிஞ்சியவை. ஆனால் நம் வீடுகளில் ஈறில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் அழுக்கே காரணம். நெல்லிக்காயைத் தின்றுவிட்டுப் பல் தேய்க்காமலிருந்தால் பிரயோஜனமில்லை.

இனி இனிப்பு விஷயம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையே இருக்கிறது; கரும்பு நம் ஊர்ப் பயிர். பல்லில் ஒட்டிய இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. 1945லிருந்து சில ஆண்டுகள் ஸ்வீடனில் விப்பேஹோம் என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்தவர்களுக்கு டாபி கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பாவத்தை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அதில் தெரிந்த உண்மை நமக்கு உதவும்: சாப்பாட்டோடு தின்ற இனிப்பைவிட, இடையிடையே தின்ற ஒட்டும் இனிப்புத்தான் பல்லை அதிகம் கெடுத்தது. வெல்லமும் இதற்கு விலக்கில்லை. கடலை மிட்டாய் நல்லதுதான். சாப்பிட்ட கையோடு கொடுத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மணிக்கொரு தரம் வேண்டாம்.

திண்டிவனம் என்ற பெயரே புளிய மரக்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். குழந்தைகள் புளியை உப்போடு சப்பிக்கொண்டே இருந்தால் புளிப்பு பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும், பல் கூசும். புளிப்புத் தின்றவுடன் பிரஷ் போடாமல் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

இளம் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்:

* பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விடாதீர்கள். ராத்திரி முழுக்கப் பால் பல்லில் தங்கி முன்பற்களைச் சொத்தையாக்கும்.

* முதல் பல் முளைத்த அன்றிலிருந்தே துடைக்கவோ தேய்க்கவோ ஆரம்பியுங்கள்.

* ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். போனால் திரும்ப வராது.

* கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே சமயத்தில் விழுங்கக் கூடாது. ஒன்று மற்றொன்றைச் சேரவிடாது.

என் மாமியாருக்கு ஏன் பல் போயிற்று என்று இப்போது எனக்குப் புரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலை, பாக்கு, புகையிலை. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதோடு இன்னொன்றும் உண்டு. பாலும் தயிரும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், கடைசியில் அவர் இலைக்கு வந்தது நீர் மோர்தான். ஈறு வீங்கியபோது யாரும் அவரை டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள். பழி மட்டும் பிள்ளைகள் மேல்!

சகோதரிகளே, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் பழக்கம் நம்மோடு போகட்டும். தயிரில் உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். மருமகள் வீட்டில் இருந்தால் இன்னொரு கிண்ணமும் வையுங்கள்.