அதிகாலைக் காவல்

செஞ்சிக்கு வடக்கே இருக்கும் சிங்கவரம் எங்கள் ஊர். குன்றும் பாறையும் மணிலாக் கொல்லையும் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் என்றால் எங்களுக்கு மரக்காணம்தான்; அதுவும் பஸ் மாறிப் போய்க் கால் நனைத்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்புவதோடு சரி. அப்படிப்பட்டவன் பத்து நாள் கரையே காணாமல் ஒரு சிறு பாய்மரப் படகில் வாழ்ந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றும் பாதிப்பேர் நம்புவதில்லை.

மலேசியாவின் லங்காவித் தீவில் ஓர் உணவகத்தில் சமையற்காரனாக இருந்தேன். அருகிலேயே வெளிநாட்டாரின் பாய்மரப் படகுகள் கட்டப்பட்டிருக்கும் துறை. படகு ஓரிடத்தில் இருக்கும். வாங்கியவர் வேறோரிடத்தில் இருப்பார். அதை அவர் கேட்ட துறையில் கொண்டுபோய் ஒப்படைப்பதையே தொழிலாகக் கொண்ட மாலுமிகள் உண்டு. அப்படி ஒருவர், அறுபதைக் கடந்த நியூசிலாந்துக்காரர், இலங்கையின் காலித் துறைமுகம் வரை சமைக்கவும் காவல் பார்க்கவும் ஆள் தேடினார். 2016 ஜனவரி, வாடைக்காற்று சீராக வீசும் பருவம். மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை. “நீந்தத் தெரியுமா?” என்று கேட்டார். “கிணற்றில்” என்றேன். சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். மூன்றாமவன் ஒரு மலாய் இளைஞன்.

முதல் மூன்று நாள் நான் சமையற்காரனாக இல்லை, நோயாளியாகவே இருந்தேன். இஞ்சித் துண்டும் உப்பு பிஸ்கட்டுமே உணவு. நான்காம் நாள் வயிறு அடங்கியது. அதன்பிறகுதான் அந்த நாற்பத்து நான்கு அடி வீட்டின் ஒழுங்கு புரிந்தது.

சமையலறை நம் வீட்டு அலமாரி அளவுதான். படகு எப்பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு தான் மட்டும் நேராக நிற்கும்படி ஊசலில் தொங்கும். பாத்திரம் நழுவாதிருக்க இருபுறமும் இரும்புப் பிடி. சமைப்பவனையும் இடுப்பில் ஒரு பட்டை கட்டித்தான் நிறுத்தவேண்டும். நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே. குளியலும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில். சோற்றுக்கு உலைநீரில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் உப்புப் போடத் தேவையில்லை என்பதைக் கேப்டன் கற்றுக்கொடுத்தார். வெங்காயமும் பூசணியும் முட்டைக்கோசும் கடைசிவரை தாங்கின. வாழைக்குலைதான் மோசம் செய்தது. ஒரே நாளில் முழுவதும் பழுத்து, இரண்டு நாள் மூன்று வேளையும் வாழைப்பழமே தின்றோம். விடியலில் மேல்தளத்தில் பறவைமீன்கள் விழுந்து கிடக்கும். அவற்றை மிளகாய் தடவிப் பொரித்துக் கொடுத்த அன்றுதான் கேப்டன் என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.

கடல்நீர் தூய்மையானது என்ற நபிமொழியைச் சிறுவயதில் மதரஸாவில் ஓதிக்கொடுத்தபோது, செஞ்சிச் சீமையில் இதற்கு என்ன வேலை என்று எண்ணியதுண்டு. அந்தப் பத்து நாளும் வாளியில் கயிறு கட்டி மொண்ட கடல்நீரில்தான் ஒளூச் செய்தேன். மேற்கு நோக்கியே பயணமாதலால் கிப்லாவுக்குத் தேடவேண்டியதில்லை. படகின் முனைக்குச் சற்று வலப்புறம் திரும்பி, நிற்க இயலாத ஆட்டத்தில் உட்கார்ந்தே தொழுதேன். நாளொன்றுக்கு நூற்று முப்பது கடல்மைல் மேற்கே நகர்ந்ததால் வக்துகளும் தினம் எட்டு, ஒன்பது நிமிடம் பின்னால் தள்ளிப்போயின. சூரியனைத் துரத்திக்கொண்டு ஓடுவதுபோல ஓர் உணர்வு.

இரவுக் காவல் மூன்று மணிநேரம். கேப்டன் ஒன்பதிலிருந்து, மலாய்த் தம்பி பன்னிரண்டிலிருந்து, நான் மூன்றிலிருந்து ஆறுவரை. சுக்கானை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். மனிதன் விழித்திருந்து சுற்றிலும் பார்க்கவேண்டும், அவ்வளவே. ஆனால் அடிவானத்தில் விளக்காகத் தோன்றும் சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் நம் தலைமேல் வந்துவிடும். பெருங்கப்பல்கள் தம் பெயரையும் திசையையும் கருவியில் அறிவித்துக்கொண்டே வருகின்றன. மரப்படகில் வரும் மீனவரைக் கருவி அறியாது. கண்தான் அறியவேண்டும்.

எட்டாம் நாள் மாலை தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது, “நீ தமிழனா?” என்று கேட்டார் கேப்டன். ஆமென்றதும் ஒரு வரலாறு சொன்னார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினாராம். அதைச் சூயஸ் வழியாக அட்லாண்டிக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தவர்களில் வல்வை மாலுமிகள் இருந்தார்களாம். “நாம் இப்போது செய்யும் வேலைதான். எந்தக் கருவியும் இல்லாமல் உன் ஆட்கள் செய்தார்கள்” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாலுமி, சுக்கான் என்ற சொற்களெல்லாம் அரபியிலிருந்து நம் தமிழுக்கு வந்தவை என்று நானும் என் பங்குக்குப் பெருமை பேசினேன்.

பேசிய வாய்க்கு அன்றிரவே பதில் கிடைத்தது.

காற்று மெல்லியதாக இருந்தது. நான்கரை மணி இருக்கும். எங்கள் ராஜகிரிக் கோட்டை நினைவு வந்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட காலத்தில் அந்த உச்சியில் எத்தனை பேர் இப்படி விழித்திருந்திருப்பார்கள் என்று யோசித்தது நினைவிருக்கிறது. அதற்குப்பின் நினைவில்லை.

“வலை கெடக்கு! வலை கெடக்கு! திருப்புங்க!”

கனவென்றே நினைத்தேன். தமிழ்க் குரல். கண் திறந்தபோது டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. முப்பதடி தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு. அதன் விளிம்பில் நான்கைந்து பேர். இயந்திரத்தை விடுவித்துச் சுக்கானை வெட்டித் திருப்பினேன். பாய் படபடவென்று அடித்தது. அவர்களுடைய படகை உரசாமல் கடந்தோம். “நித்திரையா?” என்று ஒருவர் கத்தினார். “எந்த ஊர்?” என்று நான் கேட்டது அபத்தந்தான். “கல்முனை!” என்ற பதில் இருளில் தேய்ந்தது.

பாய் அடித்த சத்தத்தில் கேப்டன் மேலே வந்துவிட்டார். “என்ன?”

“மீன்பிடிப் படகு. விலகிவிட்டோம்” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சுபுஹுத் தொழுகைக்கு உட்கார்ந்தபோதுதான் அது முழுப் பொய் என்று தெரிந்தது. அந்த நாலைந்து பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். கீழே உறங்கிய இருவரும் என் கண்ணை நம்பித்தான் உறங்கினார்கள். பகலெல்லாம் சோறு இறங்கவில்லை. அஸருக்குப் பின் கேப்டனிடம் போய், “நான் உறங்கிவிட்டேன்” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. “இன்று மூன்று மணிக் காவல் என்னுடையது” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிரவு மூன்று மணிக்கு அவர் காலடி மேலே கேட்க, நான் படுக்கையில் விழித்தே கிடந்தேன்.

மறுநாள் மாலை சமையலறைக்கு வந்து, முட்டை வேகவைக்க நேரம் குறிக்கும் சிறு மணிப்பொறி ஒன்றை என் கையில் வைத்தார். “பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கழுத்தில் மாட்டிக்கொள். மூன்று மணி.” கடைசி இரவின் காவலை அந்தப் பொறியோடுதான் முடித்தேன். விடியலில் இலங்கைக் கரையின் கலங்கரை விளக்கைக் கண்டு அவரை எழுப்பியவன் நான்தான்.

காலியில் இறங்கியதும் அத்தாவுக்குத் தொலைபேசினேன். அவர் எதற்கும் ஆச்சரியப்படுகிறவர் அல்லர். “குடிக்கத் தண்ணீர் இருந்ததா?” என்று கேட்டார். இருந்தது என்றேன். “நம் கிணற்றை இன்னும் ஐந்தடி வெட்டியிருக்கிறேன். நீ வந்து பார்” என்றார்.

பொறியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கேப்டன் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அது சிங்கவரத்தில் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. பிரியாணிக்குத் தம் போட்டால் என் மனைவி அதைத்தான் திருகி வைக்கிறாள். அது அடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசல்வரை போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு வருகிறேன். ஏன் என்று அவள் கேட்டுவிட்டாள். அதனால்தான் இதை எழுதினேன்.